கித்தேரியம்மாளின் மஞ்சள் அட்டை

“கார்டை எடுங்க டீச்சர். பெறகு கவுனைத் தாரேன்.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கித்தேரியம்மாள் கையை நீட்டுகிறார். விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் வெள்ளைக்கார ஆசிரியை சிரித்துக்கொண்டே தடுப்பூசி விவரம் எழுதிய மஞ்சள் அட்டையை எடுத்துக் கொடுக்கிறார். கித்தேரியம்மாளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்த ஊசி எந்தப் பக்கத்தில் என்று தெரியும். முத்திரையை விரலால் தடவிப் பார்க்கிறார். ஊசி போட்டு எத்தனை நாள் என்று கேட்கிறார்.

“ஆறு நாளா? பத்தாது. மஞ்சக் காய்ச்சல் ஊசிக்குப் பத்து நாள் ஆகணும். எந்த வழியாப் போறீங்க?”

போய்ச் சேரும் ஊரைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. “எறங்குற ஊரு ஒண்ணும் செய்யாது டீச்சர். நடுவுல மாறி ஏறுற ஊருதான் ஆளைக் கவுத்திரும்.”

கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியின் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகத் துணி தேய்க்கிறார் கித்தேரியம்மாள். ஐம்பத்தெட்டு வயது. வலது தோள் இடதைவிட ஓர் அங்குலம் இறங்கியிருக்கும். மடிப்புக் கலைந்த சட்டையோடு யார் எதிரே வந்தாலும், அது பிஷப்பாகவே இருந்தாலும், “கழட்டிக் குடுங்க, ரெண்டு நிமிஷம்” என்பார். பொய் சொல்ல வராது. வராது என்பதைவிட, நல்ல சங்கதி ஒன்று வாய்க்குள் இருந்தால் அதை அடக்கத் தெரியாது என்பதே சரி. அதனால்தான் 1981இல் அவர் மகளின் கல்யாணம் நின்றது.

மூத்த மகன் பரமானந்தம் செய்ஷெல்ஸ் தீவில் கணக்கு வாத்தியார். பேரன் பிறந்ததும் அம்மாவுக்கு டிக்கெட் அனுப்பினான். போகும்போது பம்பாயிலிருந்து நேர் விமானம். காலரா ஊசி போட்டு அட்டையில் முத்திரையும் வாங்கியாயிற்று. திரும்பும்போதுதான் அவசரம். மகள் சகாயராணிக்கு வருகிற திங்கட்கிழமை கல்யாணம். புதன்கிழமை சாம்பல் புதன். தவக்காலம் பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரை கோயிலில் தாலி கட்ட முடியாது. நேர் விமானத்தில் இடமில்லை. “வெரசாப் போயிரலாம்மா” என்று நைரோபி வழியாக ஏற்றிவிட்டான் மகன்.

நைரோபியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தால் போதும். ஆனால் மாறி ஏறவேண்டிய விமானத்தில் ஏதோ பழுது. பயணிகளை பஸ்ஸில் ஏற்றி ஊருக்குள் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப் போனார்கள். பக்கத்து இருக்கைக்காரர் மதுரை ஜவுளி வியாபாரி சுப்புராஜ், போனால் போகிறதென்று சன்னலோரத்தை விட்டுக்கொடுத்தார். சாயங்கால வெயிலில், முள் மரங்களுக்கு மேலே, ஒரு தலை. தலைக்குக் கீழே கழுத்து வந்துகொண்டே இருந்தது. கித்தேரியம்மாள் கைதட்டியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் கிளம்பி, சனிக்கிழமை பம்பாயில் இறங்கினார்கள். சுகாதார அதிகாரியின் மேசைக்கு முன் வரிசை. தமிழ் தெரிந்த நர்ஸ் கண்மணி அட்டையைப் புரட்டினார்.

“இது காலராவுக்கும்மா. மஞ்சக் காய்ச்சல் பக்கம் காலியா இருக்கே. நைரோபியில ஏர்போர்ட்டுக்குள்ளயேதான இருந்தீங்க? வெளிய போகல்லல்ல?”

வெளியே போகவில்லை என்றால் அதிகாரி விட்டுவிடலாம். விதியில் அந்தச் சலுகை உண்டு. பின்னாலிருந்து சுப்புராஜ், “இல்லேன்னு சொல்லுங்கம்மா” என்று முணுமுணுத்தார்.

“போகாம? ஒட்டகச்சிவிங்கியவே பாத்தேனே தாயி!” என்றார் கித்தேரியம்மாள். பிறகு நன்றி மறக்காமல் திரும்பி, “இந்தா இந்த அண்ணாச்சிதான் சன்னல் சீட்டு குடுத்தாக. தங்கமான மனுசன்.”

சுப்புராஜிடமும் அந்த ஊசி இல்லை. இரண்டு பேரையும் பிடித்து வைத்தார்கள், நைரோபியை விட்டதிலிருந்து ஆறு நாள் கழியும்வரை. சன்னலெல்லாம் கொசுவலை அடித்த அறைகள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று.

“எனக்குத்தான் காய்ச்சலே இல்லையே?”

“இப்ப இல்லம்மா. ஒருவேளை கிருமி உடம்புக்குள்ள இருந்து, உங்களைக் கடிச்ச கொசு இன்னொருத்தரைக் கடிச்சா ஊர் முழுக்கப் பரவிரும். இங்க அந்தச் சீக்கு இல்ல. கொசு மட்டும் இருக்கு.”

“ஆக, என்னால நம்மூருக் கொசு கெட்டுப் போயிரும்ங்கிற. எங்க மலையில குளுருக்குக் கொசுவே அண்டாதே! என்னைய அங்க அனுப்பிரு, அங்கன அடைஞ்சு கெடக்கேன்.”

கண்மணி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாராம். சட்டம் மட்டும் அசையவில்லை.

முதல் நாள் அழுதார். சுப்புராஜ் வலைக்கு அந்தப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரி வேறொருவர் தேய்த்த விரிப்பில் படுத்தார். “தேச்சிருந்த லட்சணத்துக்குத் தூக்கமே வரல” என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கண்மணி சொல்லிப் பள்ளி ஆபீஸுக்கு டிரங்க் கால் போட்டார்கள். ஆள் விட்டு சகாயராணியையும், மாப்பிள்ளை அடைக்கலத்தையும், அவனுடைய பெரியப்பாவையும் வரவழைத்திருந்தார்கள். அடைக்கலம் பெருமாள்மலையில் காய்கறி லாரி ஓட்டுகிறவன். இந்தப் பக்கம் பம்பாயில் சுப்புராஜும் வந்து கதவோரம் நின்றார். அம்மா ஒட்டகச்சிவிங்கியில் தொடங்கி விதியைச் சொல்லி முடிப்பதற்குள் மகள் விம்மத் தொடங்கிவிட்டாள். அவளுக்குப் பின்னால் பெரியப்பாவின் குரல்: “தடங்கல் வந்த கல்யாணம் வெளங்காது. வேற எடம் பாப்போம்.”

“எம்மக வாழ்க்கைய ஒரு வாயால கெடுத்துட்டேனே” என்று கித்தேரியம்மாள் போனிலேயே சொன்னார். அடைக்கலம் போனை வாங்கினான்.

“அத்த, நீங்க இல்லாம தாலி கட்ட மாட்டேன். ஈஸ்டர் கழியட்டும். பெரியப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

அப்படியே ஆயிற்று. ஈஸ்டர் கழிந்த அடுத்த வாரம் பெருமாள்மலைக் கோயிலில் கல்யாணம் நடந்தது. கோபமெல்லாம் தீர்ந்து, கூறைப் புடவையைச் சுப்புராஜே கொண்டுவந்தார். பெரியப்பா மூன்று முறை பாயசம் கேட்டார்.

ஆனால் மருமகனைப் பற்றிக் கித்தேரியம்மாளிடம் கேட்டால் கல்யாணக் கதையைச் சொல்வதில்லை. போனை வைப்பதற்கு முன் அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டதைத்தான் சொல்கிறார்.

“அத்த, அது நெசமாவே எம்புட்டு ஒசரம் இருக்கும்?”

சொல்லிவிட்டு, என் முன்னால் இடது கையைக் காதோடு சேர்த்து இல்லாத போனைப் பிடித்துக்கொள்கிறார். குதிகாலை எடுத்து நுனிவிரலில் எழும்பி, சாய்ந்த அந்த வலது தோள் காது வரை ஏற, கையைக் கூரைக்கு உயர்த்துகிறார்.

“இம்புட்டு, மாப்ள!”