தலைமாட்டுக் கல், கால்மாட்டுக் கல்

1891 மே மாதம் 19ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலைப் படகில் கேரிஸ் லேண்டிங்கில் வந்திறங்கிய அம்ப்ரோஸ் வைலி என்ற அதிகாரி நேரே ட்ரெஸ்கட் வீட்டுக்குப் போகவில்லை. முதலில் தபால் நிலையத்துக்குப் போனார். பிறகு கொல்லர் பட்டறை, மளிகைக்கடை, பாதிரியார் வீடு. நான்கு இடத்திலும் கேட்டது ஒன்றுதான்: ரூஃபஸ் ட்ரெஸ்கட் எப்படிப்பட்ட ஆள்?

அவர் ஐந்தாவதாக வந்து கதவைத் தட்டுவதற்குள் ரூஃபஸின் மனைவி கெசியாவுக்கு விஷயம் எட்டிவிட்டது. உப்பு வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் மனைவி உப்பை எடைபோட்டபடியே கேட்டாள்:

"உன் வீட்டுக்காரர் என்ன பண்ணினார், கெசியா? வாஷிங்டன்லேர்ந்து ஒரு ஆள் வந்து அவரைப் பத்தித் துருவித் துருவிக் கேக்கறான்."

"எனக்கு எப்படித் தெரியும்? கேட்டவர்கிட்டயே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே. சிரிச்சுட்டு ஒரு பட்டாணி மிட்டாய் வாங்கிட்டுப் போயிட்டான்."

கெசியா உப்பை வாங்கிக்கொண்டு நடந்தாள். உண்மையில் அவளுக்கே தெரியாமல்தான் இருந்தது. தன் கணவனைப் பற்றித் தனக்கு என்னதான் தெரியும் என்று வழியெல்லாம் எண்ணிப் பார்த்தாள்.

ரூஃபஸ் இதே ஊரில் 1847இல் பிறந்தவன். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862 ஆகஸ்டில், பதினைந்து வயதில், வீட்டில் சொல்லாமல் ஓடிப்போனான். 1865 ஜூலையில் இடது இடுப்பில் காயத்துடன் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தான். பிறகு தானிய வண்டி ஓட்டினான். ஒஹையோவிலிருந்து பள்ளி ஆசிரியையாக வந்த கெசியாவை 1870இல் மணந்துகொண்டான். வடக்குப் படையில் இருந்ததாகவும் விக்ஸ்பர்க் முற்றுகையில் குண்டு பட்டதாகவும் அவளிடம் சொல்லியிருந்தான். அவள் நம்பினாள். அவன் இடுப்புத் தழும்பைப் பார்த்த யாரும் நம்புவார்கள்.

ஊர்தான் நம்பவில்லை. தபால் அதிகாரி மைலோ ஹாப்குட் முன்னாள் சிப்பாய்கள் சங்கத்துக்குச் செயலாளர். ஊர் இருக்கும் ஐயோவா மாநிலத்தின் படைப் பட்டியல்களையும் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள இல்லினாயின் பட்டியல்களையும் வரி வரியாகப் பார்த்தவர். எதிலும் ரூஃபஸ் ட்ரெஸ்கட் இல்லை. ஆனால் இல்லினாய்ப் பட்டியலில் வேறொரு பெயர் இருந்தது: லைமன் ட்ரெஸ்கட், வயது பத்தொன்பது, ஊர் கேரிஸ் லேண்டிங். ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் பழைய மூலையில் ஒரு கல்லும் இருந்தது. அதில் லைமன் ட்ரெஸ்கட் என்ற பெயர் மட்டும், தேதி இல்லை. ரூஃபஸின் அண்ணன் அவன். அவனைக் கண்ட ஆட்கள் யாரும் ஊரில் மிச்சமில்லை. 1840களில் குடியேறியவர்கள் பாதிப் பேர் மேற்கே போய்விட்டார்கள், மீதிப் பேர் அதே தோட்டத்தில் கிடந்தார்கள். 1884இலிருந்து ஒவ்வொரு மே 30ஆம் தேதியும், மடிந்த சிப்பாய்களின் கல்லறைகளை அலங்கரிக்கும் நாளில், ஹாப்குட் அந்தக் கல்லுக்கும் ஒரு கொடி நட்டுவந்தார்.

ஊர் கணக்குப் போட்டது: சிப்பாய் அண்ணன்தான், தம்பி அந்த மூன்று வருஷம் எங்கேயோ ஒளிந்திருந்துவிட்டு, செத்தவனின் கதையை எடுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறான். சங்கத்துக்காரர்கள் ஒருவரையொருவர் 'தோழர்' என்றுதான் அழைப்பார்கள். ஹாப்குட் ரூஃபஸை ஒருமுறைகூட அப்படி அழைத்ததில்லை. ரூஃபஸ் அணிவகுப்பில் சேர்ந்ததுமில்லை, மறுத்துப் பேசியதுமில்லை. அண்ணனைப் பற்றிக் கேட்டால், "அங்கேதான் இருக்கான்" என்பான். அதோடு சரி.

அந்தக் கணக்கு கடந்த சில வருஷங்களாகக் கெசியாவின் மனதிலும் மெல்ல நுழைந்திருந்தது. அவள் அதை வெளியே சொன்னதில்லை.

வைலி சமையலறை மேசையில் உட்கார்ந்து காகிதக் கட்டை அவிழ்த்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். காப்பியை வாங்கிக்கொண்டார், ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டு வைத்துச் சுட்ட பணியாரத்தைத் தொடவில்லை.

"மிஸ்டர் ட்ரெஸ்கட், போன அக்டோபர்ல வக்கீல் மூலமா ஓய்வூதியத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கீங்க. லைமன் ட்ரெஸ்கட்ங்கற பேர்ல படையில இருந்தது நான்தான்னு."

"ஆமா. இந்த இடுப்போட இனி வண்டி ஓட்ட முடியல."

கெசியா அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். விண்ணப்பம் போட்டதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"லைமன் உங்க அண்ணன். அவர் கல்லறையைப் பார்த்துட்டுத்தான் வரேன். போன வருஷக் கொடிக்கம்பு இன்னும் இருக்கு. புதைச்ச சிப்பாய்க்கு ஓய்வூதியம் கொடுக்கற வழக்கம் இல்லை."

"அவன் சிப்பாய் இல்லை. ஆறு வயசுல செம்புள்ளிக் காய்ச்சல்ல செத்தான். 1849ல. உயிரோட இருந்திருந்தா 62ல பத்தொன்பது. எனக்குப் பதினஞ்சு. பதினஞ்சைச் சொன்னா சேக்க மாட்டாங்க. அதான் அவன் பேரையும் வயசையும் சொன்னேன். அக்கரைக்குப் போனேன், அங்க என்னை யாருக்கும் தெரியாது."

"ஆதாரம்?"

"பைபிள்ல எழுதியிருந்தது. 80ஆம் வருஷ வெள்ளத்துல போச்சு."

"அம்மா?"

"81ல செத்துட்டா."

"கூட இருந்த சிப்பாய்கள்?"

"ஒருத்தன் ஆரிகன்ல இருக்கான்னு கேள்வி. ஊர் தெரியாது."

வைலி பென்சிலைக் கீழே வைத்தார். "நான் வியாழக்கிழமைப் படகுல திரும்பறேன். பொய் விண்ணப்பம்னு எழுதினா அது நீதிமன்றத்துக்குப் போகும், சிறைக்கும் போகும். இதைத் தீர்க்க ஒரு வழி இருக்கு. ஒரு மண்வெட்டியும் உங்க சம்மதமும் போதும்."

"கூடாது." ரூஃபஸ் எழுந்துவிட்டான். இடுப்பு வலிக்காக மேசையைப் பிடித்துக்கொண்டான். "அவன் பேரை எடுத்தேன். அதுக்கு மேல அவனைத் தொட விடமாட்டேன்."

"தோண்டினா என்ன கிடைக்கும்னு பயமா?" என்று வைலி மென்மையாகக் கேட்டார்.

அந்தக் கேள்விதான் கெசியாவின் நெஞ்சிலும் இருந்தது.

மாலையில் சோள ரொட்டியும் உப்புக்கண்டம் போட்ட பன்றியிறைச்சியும் மேசையில் ஆறிக்கொண்டிருந்தன. கெசியா உட்காரவில்லை.

"இருபத்தொரு வருஷம், ரூஃபஸ். ஒரு வார்த்தை சொல்லல."

"அம்மாகிட்ட சத்தியம் பண்ணினேன், கெஸி. திரும்பி வந்த அன்னிக்கு அவகிட்ட மட்டும் சொன்னேன். 'செத்த பிள்ளை பேரை வெச்சுக்கிட்டாடா ஆளைச் சுட்டே?'ன்னு கேட்டா. நான் இருக்கற வரைக்கும் இதை ஊர்ல சொல்லாதேன்னா."

"அவ போய்ப் பத்து வருஷம் ஆச்சே."

"அப்புறம் அவனுக்குக் கொடி வெச்சாங்க. அவனுக்குன்னு யாரும் எதுவும் வெச்சதில்லை. போய்ப் பிடுங்கச் சொல்றியா?"

கெசியா அவனை உற்றுப் பார்த்தாள். அந்த முகத்தில் பொய் தெரியவில்லை. ஆனால் இருபத்தொரு வருஷம் ஒரு விஷயத்தை மறைத்த முகமும் அதுதான்.

"பைபிள் ஆத்துல. அம்மா மண்ணுல. கூட்டாளி ஆரிகன்ல. உன் சாட்சியெல்லாம் கேக்க முடியாத இடமாப் பாத்துப் போயிருக்காங்க, ரூஃபஸ்."

அவன் ரொட்டியைப் பிட்டான், தின்னவில்லை.

மறுநாள் புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கெசியா கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். வருஷந்தோறும் அலங்கார நாளுக்கு முன்னால் தன் பிள்ளை வில்பரின் கல்லறையில் புல் வெட்டுவது அவள் வழக்கம். 1873இல் பதினோரு மாதத்தில் போன பிள்ளை. இருக்கும் மகள்கள் இருவரும் நெப்ராஸ்காவில். புல்லை வெட்டிவிட்டு, மண்டியிட்டபடியே கல்லைத் துடைத்தாள். இடது கை தலைமாட்டுக் கல்லில் இருந்தது. எழுந்திருக்க வலது கையை ஊன்றினாள். அது கால்மாட்டுக் கல்லில் பட்டது.

எழுந்திருக்காமல் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

அந்தத் தோட்டத்தில் எல்லாக் கல்லறைக்கும் தலைமாட்டில் பெரிய கல், கால்மாட்டில் சின்னக் கல். இடையில் கிடப்பவரின் நீளம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளி. அவளுடைய இரண்டு கைக்குள் அடங்கிவிட்டான் வில்பர். அவளைவிட நன்றாக இது யாருக்குத் தெரியும்?

லைமனின் மூலைக்குப் போனாள். தலைமாட்டுக் கல் மட்டும் நின்றது. கால்மாட்டில் எதுவும் இல்லை. நாற்பது வருஷப் புல்லில் புதைந்திருக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பிப் போய் அடுப்புக் கிளறும் இரும்புக் கம்பியை எடுத்துவந்தாள். ரூஃபஸ் எங்கே போகிறாய் என்று கேட்டான். அவள் கம்பியோடு படியிறங்கினாள்.

ஆறடியிலிருந்து தொடங்கினாள். வளர்ந்த ஆளாக இருந்தால் அங்கேதான் கல் இருக்கும். கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். கணவன் பொய்யன் என்று தெரியவருவது ஒன்று. அதைத் தன் கையாலேயே குத்திப் பார்த்துத் தெரிந்துகொள்வது இன்னொன்று. குத்தினாள். மெத்தென்று உள்ளே இறங்கியது. இடதுபுறம், வலதுபுறம். மண். ஐந்தரை அடியில் மண். ஐந்தில் மண்.

"என்ன மிஸஸ் ட்ரெஸ்கட், மச்சினருக்கு அடுப்பு மூட்டறீங்களா?"

கொடிகளுக்கு இடம் குறிக்க வந்த ஹாப்குட். கையில் மடக்கு அளவுகோல்.

"உங்க சிப்பாய் எவ்வளவு உயரம்னு பாக்கறேன், மிஸ்டர் ஹாப்குட்."

"பட்டியல்ல இருக்கே. அஞ்சடி ஆறங்குலம்."

"அப்போ கால்மாட்டுக் கல் எங்க இருக்கணும்?"

அவருக்கு உடனே புரிந்தது. முகம் மாறியது, ஆனால் வாய் விடவில்லை. "அது எப்பவோ காணாமப் போயிருக்கும். மாடு உருட்டியிருக்கும்."

"இருக்கலாம்" என்று சொல்லி, அவள் ஒரு சாண் உள்ளே வந்து குத்தினாள். இன்னும் ஒரு சாண். அங்கே கம்பி 'ணங்' என்றது. பக்கத்தில் இன்னொரு முறை: மறுபடி 'ணங்'.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஹாப்குட் கோட்டைக் கழற்றிவிட்டு முழங்காலிட்டுப் பேனாக்கத்தியால் புல்வேரை அறுத்தார். ஒரு கையகலச் சுண்ணாம்புக்கல். சாய்ந்திருந்ததே தவிர நகரவில்லை. அடிப்பாகம் கெட்டியாக மண்ணைப் பிடித்திருந்தது. எல், டி என்று இரண்டு எழுத்து, தலைமாட்டுக் கல்லை வெட்டிய அதே கோணல் கை. ஹாப்குட் அளவுகோலை விரித்து வைத்தார். மூன்றடி ஒன்பது அங்குலம். நம்பாமல் மறுமுனையிலிருந்து இன்னொரு முறை அளந்தார். மூன்றடி ஒன்பது அங்குலம்தான்.

"ஏழு வருஷமா," என்றார் அவர், "ஒரு சின்னப் பிள்ளைக்கு சல்யூட் அடிச்சிருக்கேன்."

"என் புருஷனை முறைச்சுக்கிட்டே அடிச்சீங்க."

ஹாப்குட் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். வைலியைக் கூட்டிவர அவரே போனார், ஓட்டமும் நடையுமாக.

வைலி தன் சொந்த நாடாவால் அளந்தார். கல் புதிதாக நடப்பட்டதா என்று புல்வேரைக் கிள்ளிப் பார்த்தார். அளவை எழுதி ஹாப்குட்டிடம் கையெழுத்து வாங்கினார். அன்று பிற்பகல் அதே சமையலறையில் வாக்குமூலங்களைத் தைத்தார். மேல்தாளில் 'ரூஃபஸ் என்கிற லைமன் ட்ரெஸ்கட்' என்று எழுதினார். திருடர்களுக்குத்தான் அப்படி இரண்டு பெயர் எழுதுவார்கள் என்று கெசியா நினைத்திருந்தாள்.

"கடைசியா உங்க வாக்குமூலம், மிஸஸ் ட்ரெஸ்கட். சத்தியம் பண்ணிச் சொல்லுங்க. உங்க கணவர் சொன்னதை நீங்க எப்பவாவது சந்தேகப்பட்டதுண்டா?"

ரூஃபஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். இல்லை என்று சொன்னால் போதும். சுலபமான சொல். வைலியின் பென்சில் அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தது போலிருந்தது.

"உண்டு" என்றாள் கெசியா. "இன்னிக்குக் காலையில ஒன்பது மணி வரைக்கும்."

வைலி முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். எழுதினார். படித்துக் காட்டினார். அவள் கையெழுத்திட்டாள்.

"இது அவருக்குப் பாதகமா?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா. இந்த ஊர்ல நான் கேட்ட பதில்லயே சந்தேகப்படாம எழுதினது இது ஒண்ணுதான்." பணியாரத்தில் ஒரு துண்டைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனபின் ரூஃபஸ் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டான்.

"என்னை நம்பாமத்தான் கம்பியை எடுத்துட்டுப் போனியா, கெஸி?"

"நம்பாமத்தான் போனேன்."

"ஆறடியில கல் இருந்திருந்தா?"

"அதையும் வந்து சொல்லியிருப்பேன்."

அவன் அதை மென்று விழுங்குவதுபோல் தலையை ஆட்டினான். அவள் நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே போட்டுக்கொண்டாள். இன்னும் அவனை முழுதாக நம்பிவிடவில்லை. ஒரு கல்லை மட்டும் நம்பியிருந்தாள். அது அவளுக்கே தெரிந்திருந்தது.

"இன்னும் என்னென்ன சொல்லாம வெச்சிருக்க?"

"ரொம்ப இருக்கு. பேர் கூப்பிடும்போது முதல் வாரம் பூரா நான் குரல் கொடுக்கவே இல்லை. லைமன், லைமன்னு கத்துவான் சார்ஜெண்ட். செவிடுன்னு நெனச்சு அனுப்பப் பாத்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "நடுவுலேர்ந்து வேண்டாம். வீட்டை விட்டுப் போன நாள்லேர்ந்து சொல்லு."

"அதுக்கு முந்தின நாள்லேர்ந்து சொல்லணும்" என்றான் ரூஃபஸ். "அன்னிக்குத்தான் அவன் வயசை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்."

"எண்ணு," என்றாள் கெசியா. "நானும் கூடவே எண்ணறேன்."