ரசூலுக்கு எழுதாத குறை

பகல் இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் நான்கு மணிக்குத்தான் வரும். எழுபதுகளின் பின்பாதியில் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டியவர்களுக்கு இது மனப்பாடம். பன்னிரண்டு தறியும் ஒன்றாக நின்றுபோகும். காதுக்குள் மட்டும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தை மற்றக் கூடங்களில் தூங்கிக் கழித்தார்கள், சீட்டாடிக் கழித்தார்கள், முதலாளியைத் திட்டிக் கழித்தார்கள். கழுகுமலை ரோட்டுக் கூடத்தில் மட்டும் ஆள் மாறினார்கள்.

மாற்றிவிட்டவன் சண்முகையா. நெருங்கியவர்களுக்குச் சம்முவம். நான்கு தறி ஓட்டுகிறவன், முப்பது வயது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது; படம் போடுவது நிற்கவில்லை. நூல் வருகிற அட்டைப்பெட்டியைச் சீட்டு அளவுக்கு நறுக்கி, சாயப்பட்டறையில் மிஞ்சிய சிவப்பையும் பச்சையையும் கேட்டு வாங்கி, ஒவ்வோர் அட்டையிலும் ஓர் ஆளை வரைவான். படத்துக்குக் கீழே இரண்டு வரி. மேல்வரியில் பலம், கீழ்வரியில் குறை.

எந்த அட்டையை எடுக்கிறோமோ, நாலு மணி வரைக்கும் நாம் அந்த ஆள்தான். பேச்சும் அந்த ஆளின் பேச்சு, புத்தியும் அந்த ஆளின் புத்தி. சண்முகையா நூல் மூட்டைமேல் உட்கார்ந்து இக்கட்டைச் சொல்வான். "குளம் உடைஞ்சாச்சு. அக்கரையில ஒரு புள்ளத்தாச்சி நிக்கா. பாலம் கெடையாது. என்ன செய்யப்போறிய?" அவரவர் பலத்தை வைத்து அவரவர் வழி சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை ஒரு பக்கம் தேய்த்த ஐந்து புளியங்கொட்டைகள் முடிவு செய்யும். மூன்று வெள்ளை விழுந்தால் பலித்தது. முதலில் காரியத்தை முடித்தவருக்கு ஆட்டம்.

இளையரசனேந்தல் மழைக்காரன் கூப்பிட்டால் மழை வரும்; ஆனால் வந்த மழையை நிறுத்த அவனுக்குத் தெரியாது. குருவிகுளத்து மேய்ப்பனுக்கு நாலு மைலுக்கு அப்பால் ஒரு சுள்ளி முறிந்தாலும் கேட்கும். ஆனால் ஆடுகளை விட்டு ஓர் அடி நகரமாட்டான். கரிவலத்துக் குதிரைக்காரி கண்மூடித் திறப்பதற்குள் ஊரைத் தாண்டுவாள். தண்ணீரைக் கண்டால் குதிரை நின்றுவிடும். படத்தைப் பார்த்ததுமே பலமும் குறையும் தெரிய வேண்டும் என்பது சண்முகையாவின் சட்டம். மழைக்காரனுக்கு முழங்கால் வரை சேறு. குதிரையின் குளம்புகள் நாலும் காய்ந்த புழுதி. ஒளித்துவைத்த குறை என்று எந்த அட்டையிலும் ஒன்று கிடையாது.

பக்கத்துத் தறிக்காரன் காளிராஜுக்கு இது பொறுக்காது. எரிக்கிற கண் உள்ள ஓர் ஆளை அவன் கேட்டு வாங்கியிருந்தான். ஒரு தடவை எரித்தால் மூன்று சுற்றுக்குக் கண் தெரியாது என்று கீழ்வரியில் எழுதி, ஆளின் கையில் ஒரு கம்பையும் வரைந்து கொடுத்துவிட்டான் சண்முகையா.

"கண்ணு தெரியாத பயல வச்சு நான் என்னத்த ஆடவே?" என்றான் காளிராஜ்.

"ஏலே, நம்மூர்ச் சாமியவே பாரு. ஒரு பாதி விபூதி, ஒரு பாதி துளசி. ஒரு பக்கம் எள்ளு போல தூக்கலா இருந்தாலும் இந்த ஊரு அடிச்சுக்கிட்டுச் செத்திருக்கும்லா? தராசுல நிறுத்துதாம்ல போட்டிருக்கேன். ஆடிப் பாரு."

சும்மா சொல்லவில்லை. புது ஆள் ஒருவனை வரைந்தால் மற்ற எல்லா ஆட்களோடும் அவனைத் தனியாக மோதவிட்டுப் பார்ப்பான், இருபது ஆட்டம். பத்துக்குமேல் ஜெயித்தால் பலத்தைக் கொஞ்சம் அரம் போட்டுத் தேய்ப்பான். பத்துக்குக் குறைந்தால் குறையைத் தேய்ப்பான். தன் அட்டையில் தப்பு வராது என்பதில் அவனுக்கு இருந்த நம்பிக்கை கோவில்பட்டி பஸ் வரும் என்பதில்கூட இருந்ததில்லை. நானும் சொல்கிறேன், அவனுக்கு அந்தத் திமிர் தகும்.

ஆட்டத்தில் இன்னும் இரண்டு பேர். ஊடைநூலைத் தாராகச் சுற்றித் தறிக்குக் கொடுக்கிற கோமதித்தாய். நாற்பது வயது, எந்த அட்டையைக் கொடுத்தாலும் ஜெயிக்கிற மூளை. இன்னொருவன் ஃபிட்டர் ரசூல், சண்முகையாவின் சிநேகிதன். பன்னிரண்டு தறியில் எது இருமினாலும் வாசலில் நின்றே எது என்று சொல்லிவிடுவான்.

அந்த ரசூலின் வலது கையிலிருந்து பங்குனி மாதம் மூன்றாம் தறி இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. கரண்ட் இல்லாத நேரத்தில்தான். பல்சக்கரம் உரசுகிறது என்று ஆட்டத்தின் நடுவில் எழுந்து போனான். "சுவிட்ச பாத்துக்கோ" என்று காளிராஜ் கத்தினான். "எனக்கே சொல்லித்தாரியாலே" என்று சொல்லிக்கொண்டே கையை விட்டான். நாலு மணிக்கு முன்னால் கரண்ட் வந்ததாக அந்தக் கூடத்தில் சரித்திரமே இல்லை. அன்று கால்மணி முந்தி வந்தது. கரண்ட் போனதும் சுவிட்சை அணைப்பது தறி ஓட்டுகிறவன் பொறுப்பு. மூன்றாம் தறி சண்முகையாவுடையது. ஆட்ட அவசரத்தில் மறந்திருந்தான்.

ரசூல் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. காயம் ஆறியது. வேலைக்கு வரச் சொல்லி முதலாளி ஆள் அனுப்பினார். அவன் வந்தான், எதிர் டீக்கடை வரைக்கும். ரோட்டைத் தாண்டவில்லை. தினமும் பெஞ்சில் உட்கார்ந்து கையைத் துண்டால் மூடிக்கொண்டு தறிச் சத்தத்தைக் கேட்பான், சாயங்காலம் எழுந்து போவான். ஆனி முடியும்வரை பொறுத்த முதலாளி, "ஆடித் தபசுத் திருவிழா கழிஞ்சும் அவன் வரலன்னா ராஜபாளையத்துல இருந்து வேற ஃபிட்டர் வந்துருவான்" என்று சொல்லிவிட்டார். தபசுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

சண்முகையா ஒரு புது ஆளை வரைந்தான். ஃபிட்டர்ராஜா என்று பெயர். தலையில் கிரீடம், காலில் இறக்கை, நெஞ்சில் கவசம். இரும்பு, நெருப்பு, தண்ணீர் எல்லாம் சொன்னபடி கேட்கும். கீழ்வரி எழுதவில்லை. இருபது ஆட்டம் ஆடிப் பார்க்கவும் இல்லை. கொண்டுபோய் டீக்கடையில் ரசூலின் இடது கையில் வைத்து, "ஒரே ஒரு ஆட்டம், வந்துட்டுப் போ" என்றான். வற்புறுத்தி இழுக்காத குறையாகக் கூட்டிவந்தான்.

முதல் நாள் மூன்று ஆட்டம், மூன்றும் ரசூலுக்கு. சிரித்தான். இரண்டாம் நாளும் மூன்று. சிரிக்கவில்லை. மூன்றாம் நாள், ஆறு வருஷமாகத் தோற்கத் தெரியாத கோமதித்தாயின் குதிரைக்காரியை ஃபிட்டர்ராஜா விரலைச் சொடுக்கி நிறுத்தியபோது ரசூல் புளியங்கொட்டையைக் கீழே வைத்தான். அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"சம்முவம், இவனுக்குக் கை எங்க?"

ராஜா வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

"எல்லாருக்கும் கீழ ஒரு வரி எழுதியிருக்க. மேய்ப்பனுக்கு எழுதியிருக்க, மழைக்காரனுக்கு எழுதியிருக்க. எனக்கு மட்டும் ஏம்ல எழுதல? அதான் கையிலயே எழுதியாச்சேன்னு விட்டுட்டியோ?"

அட்டையை நூல் மூட்டைமேல் குப்புற வைத்துவிட்டு வெளியே போனான். டீக்கடையில்கூட நிற்கவில்லை.

சண்முகையாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "நல்லது செஞ்சா இதான் மரியாத" என்றான். கோமதித்தாய் தார் சுற்றுகிற இடத்தைப் பெருக்கிக்கொண்டே சொன்னாள்: "எங்க வீட்டுல சின்னப்புள்ளைய கூட ஆடும்போதுதான் தம்பி, ஒவ்வொரு தடவையும் அதுகள ஜெயிக்க விடுவோம். பெரிய மனுசன் கூட ஆடும்போது ஜெயிக்கத்தான் கொட்டையப் போடுவோம்."

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆறு வருஷத்தில் தான் வரைந்த ஒரே பொய் அட்டை அதுதான் என்று அப்போது தெரிந்தது. அதுவும் யாருக்கு வரைந்தான்? மூன்றாம் தறியின் சுவிட்சை மறந்தவன், அந்த மறதியை மூடத்தான் கிரீடம் போட்டிருக்கிறான்.

மறுநாளிலிருந்து பழைய சண்முகையாவாக உட்கார்ந்தான். கிரீடம் இல்லை, இறக்கை இல்லை. காக்கிச் சட்டை போட்ட ஒருவன், ஒரு தறிப்பக்கம் காதைச் சாய்த்து நிற்கிறான். வலது கை முன்னால் நீட்டியிருக்கிறது. விரல் மூன்று, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மேல்வரி: "எந்த இயந்திரமும் தன் நோயை இவனிடம் தானே சொல்லும்." கீழ்வரிக்குத்தான் இரண்டு நாள் ஆனது. கையைக் குறையாக எழுத அவன் மனம் ஒப்பவில்லை. ஒப்பாததற்குக் காரணம் இரக்கமில்லை, அது ரசூலின் குறையே இல்லை என்பதுதான். பத்து வருஷமாக அவனோடு சண்டை போட்டவனுக்கு உண்மைக் குறை எது என்று தெரியாதா? எழுதினான். "உனக்குத் தெரியாது என்று எவன் சொன்னாலும், அதைத் தனியாகச் செய்துகாட்டப் போயே தீருவான்."

இருபது ஆட்டம் ஓட்டிப் பார்த்தான். பதினொன்று ஜெயித்தது. மேல்வரியில் தண்ணீர் இறைக்கிற மோட்டாரை மட்டும் கழித்து எழுதிவிட்டு மறுபடி ஓட்டினான். பத்து. பிறகு இன்னோர் அட்டையை எடுத்துத் தன்னையே வரைந்தான். கதை சொல்கிறவனுக்கு அதுவரை அட்டை இருந்ததில்லை.

தபசுக்கு மூன்று நாள் இருக்கும்போது, கரண்ட் போனதும், இரண்டையும் டீக்கடைக்குக் கொண்டுபோனான். ரசூல் முதல் அட்டையை வாங்கினான். விரல்களை எண்ணுவது தெரிந்தது. கீழ்வரிக்கு வந்ததும் முகம் சிவந்தது.

"யாரல சொல்லுத?"

"உன்னத்தான். அடுத்ததையும் படி."

அடுத்ததில் சண்முகையா நூல் மூட்டைமேல் உட்கார்ந்து கையை ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு சுவிட்ச், போட்டபடி. மேல்வரி: "யாரையும் யாராகவும் மாற்றுவான்." கீழ்வரி: "ஆட்டம் வந்தால் கைவேலையை மறப்பான். அதற்கான விலையைப் பக்கத்தில் நிற்பவன் கொடுப்பான்."

ரசூல் கீழ்வரியை மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"மன்னிச்சிரு மக்கா" என்றான் சண்முகையா. "இத அன்னைக்கே சொல்லியிருக்கணும். கிரீடத்த வரஞ்சு மழுப்பிட்டேன்."

"இது உள்ளது" என்றான் ரசூல், இரண்டாவது அட்டையைத் தட்டி. முதல் அட்டையை இன்னொரு தடவை பார்த்தான். "இதுவும் உள்ளதுதான். ஆனா இந்தப் பயல வச்சு ஜெயிக்க முடியாதுல. எவனாவது வாயக் கிண்டுனா போச்சு."

"ஜெயிக்கலாம். உனக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுச் சண்முகையா டீக்கிளாஸைப் பார்த்தான். ரசூல் எழுந்தே விட்டான். துண்டைப் பெஞ்சிலேயே போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி, இடதும் வலதும் பார்க்காமல் கூடத்துக்குள் நுழைந்து, "போடுங்கல கொட்டைய" என்று நூல் மூட்டைக்கு முன்னால் சம்மணம் போட்டான்.

அன்றைய இக்கட்டு, பாதி மலையில் ஒரு குகை வாசலில் நின்றுபோன ரயில். இயந்திரம் என்றதும் ரசூலுக்கு வாயெல்லாம் பல். நோயைக் கண்டுபிடித்தான், மூன்று வெள்ளை போட்டான், ஒரு திருகாணி மாட்டினால் முடிந்தது. அப்போது கோமதித்தாய் குதிரைமேல் இருந்தபடியே மெள்ளக் கேட்டாள். "அந்தக் குகைக்குள்ள வெளக்கில்லாம நடக்க உனக்குத் தெரியாதுல்லா தம்பி?"

"மதினி, இது அநியாயம்!"

"கீழ்வரியப் படி" என்றான் காளிராஜ், பரம சந்தோஷத்தோடு.

ஃபிட்டர் ரயிலை விட்டுவிட்டுக் குகைக்குள் போனான். ஒரு வெள்ளை, அப்புறம் அதுவும் இல்லை. குதிரைக்காரி பக்கத்து ஊர் எஞ்சினைக் கூட்டிவந்து ரயிலை இழுத்துப் போய்விட்டாள். ரசூல் தோற்றான். கையை, மூன்று விரல் உள்ள அந்தக் கையை, சண்முகையாவின் மூக்குக்கு நேரே ஆட்டி ஆட்டிச் சண்டை பிடித்தான். குகை எங்கிருந்து வந்தது, யாரைக் கேட்டுக் குகை வைத்தாய், மோட்டாரை எவன் கழிக்கச் சொன்னது?

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. சுவிட்சைப் போட்டுப் பன்னிரண்டு தறியையும் கிளப்பினார்கள். ரசூல் பாதிப் பேச்சில் நின்று தலையைச் சாய்த்தான்.

"மூணாம் தறி. பழைய எடத்துலயே உரசுது. நிறுத்து அத."

சண்முகையா ஓடிப்போய் மூன்றாம் தறியின் சுவிட்சை அணைத்தான். அணைத்த இடத்திலேயே அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். ரசூல் ஸ்பேனரை இடது கையில் எடுத்து, அது சரிப்படாமல் வலது கைக்கு மாற்றி, குனிந்தான். அரைமணி நேரம் ஆனது. சண்முகையா கையை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் இருவரும் ஒன்றாக வீட்டுக்கு நடந்தார்கள். வழியெல்லாம் ரசூல் திட்டிக்கொண்டே வந்தான். குகையைத் திட்டினான், குதிரையைத் திட்டினான், கோமதித்தாயின் தந்திரத்தைத் திட்டினான். தன் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.