அக்கரையில் இருந்த சித்தப்பா

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் தாராவியின் தோல் நாற்றத்தையும் மீறிக்கொண்டு எங்கள் அறைக்குள் மல்லிகை மணக்கும். என் அம்மாவின் தங்கை செல்லம்மா சித்தி விருப்பமில்லாமல் தலையில் வைத்துக்கொண்ட பூ அது. சித்தப்பா ‘அக்கரை’க்குப் போயிருந்தார். துபாய், மஸ்கட், தோஹா எல்லாவற்றுக்கும் எங்கள் சந்தில் அந்த ஒரே சொல்தான். அக்கரைக்குப் போனவர் கடிதம் போடாவிட்டாலும், எத்தனை வருஷம் முகம் காட்டாவிட்டாலும், அங்கே ‘இருக்காவ’. அவர் மனைவி பூவும் பொட்டுமாகக் காத்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சங்கத்தின் கட்டுப்பாடு.

மாட்டுங்காவில் மெஸ் நடத்திய ஒருவர் சித்தியைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தார். சங்கம் பழைய கல்யாணத்தை முறித்துவிட்டால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு போய்ச் சங்கத் தலைவர் முன்னால் நின்றாள்.

“என்னைய அத்து விட்டுருங்க அண்ணாச்சி. எம் பொழப்ப நான் பாத்துக்கிடுதேன்.”

“அக்கரைக்குப் போனவன் ஒனக்காகத்தான ஒழைக்கான்? வருவான், பேசாம வீட்ல இரு.”

பின்னாலிருந்து ஒருவர், “மெஸ்ஸு சாம்பார் ருசி கண்டுட்டா போல” என்றார். அறையே சிரித்தது. சித்தி மறுபடி அங்கே போகவில்லை. மெஸ்காரர் வேறு பெண்ணை மணந்தார்.

பல வருஷம் கழித்துச் சித்தி இறந்தபோது அண்ணாச்சி யாருக்கோ போன் செய்தார். பிணத்தை எடுப்பதற்குள் நரைத்த ஒருவர் வந்து சேர்ந்தார். “வழி விடுங்கல, அக்கரையிலிருந்து மாப்பிள்ளை வந்திருக்காவ” என்று அண்ணாச்சி கூட்டத்தை விலக்கினார். நிருபர் வேலை பார்ப்பவள் நான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“எங்கேயிருந்து வாரிய, சித்தப்பா?”

“உல்லாஸ்நகர்தாம்மா. லோக்கல் ரயில்ல ஏகப்பட்ட கர்தி, நிக்கவே எடமில்ல.”

“அப்போ துபாய்?”

“நான் எங்க போனேன்? அப்ப இருந்தே அங்கனதான் கடை. அண்ணாச்சி தங்கச்சி மவளத்தான கெட்டியிருக்கேன்.”

இந்நேரம் எனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தார் போலும். சயானில் ரயிலேறி, கல்யாண் தாண்டி இறங்கினால் வந்துவிடும் ஊர். சித்தியைச் சுமங்கலி என்று சொல்லி, சிவப்புப் புடவை போர்த்தித் தூக்கிப் போனார்கள்.

இன்று அந்தச் சந்து இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. சங்க அறையும் இல்லை. வளைகுடாவுக்குப் போகும் பிள்ளைகள் ஏர்போர்ட்டிலிருந்தே வீடியோ காலில் முகம் காட்டுகிறார்கள்; ‘அக்கரை’ என்ற சொல் யார் வாயிலும் வருவதில்லை. அது போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அண்ணாச்சி மட்டும் இருக்கிறார். போன வாரம் மாட்டுங்கா மார்க்கெட்டில், “நல்லாருக்கியாம்மா?” என்று கேட்டார்.

“சித்திட்ட ஒரு நாளாவது இதக் கேட்டியளா?” என்றேன்.

அண்ணாச்சி திரும்பி, கடைக்காரரிடம் வெண்டைக்காய் விலை கேட்டார்.