லிஃப்ட் மெக்கானிக் சொன்ன நேரம்

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் கெட்டிக்காரர். மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் எங்கே இருக்கிறீர்கள் என்று போனில் யார் கேட்டாலும், "இதோ, தெருமுனைக்கு வந்துட்டேன்" என்பார். பெரும்பாலும் அப்போது வீட்டுக்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயரே 'தெருமுனை'. இதைப் பொய் என்று அவர் நினைத்ததேயில்லை. காத்திருப்பவர் மனம் நோகாமல் இருக்க ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலை நிறைய சோப்போடு நிற்கும்போது குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. பிளம்பரைக் கூப்பிட்டார்.

"இதோ, தெருமுனைக்கு வந்துட்டேண்ணே."

போனில் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "இன்னும் கொஞ்சம் சோறு போடவா?"

ஒன்றரை மணி நேரம் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோப்பு தலையிலேயே காய்ந்து முடி முள்ளாக நின்றது. மனைவி எட்டிப் பார்த்து, "அவரும் உங்க ஆளுதான் போல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவருக்குச் சுருக்கென்றது. எத்தனை பேரை இப்படி உட்கார வைத்திருப்போம் என்று அன்றைக்குத்தான் யோசித்தார்.

மறுநாள் துணிக்கடை மேனேஜர் கூப்பிட்டார். "எங்க இருக்கீங்க?"

"வீட்டுல. இன்னும் குளிக்கல. ஒன்னேகால் மணி நேரம் ஆகும்."

மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுத்து நம்பரைச் சரிபார்த்தார். "ஹலோ, லிஃப்ட் மெக்கானிக்தானே?"

பழகிய நாக்கு சும்மா இருக்குமா? ஒரு நாளைக்கு நாலு தடவையாவது தெருமுனை வந்து விழும். உடனே திரும்பக் கூப்பிட்டு, "இப்ப சொன்னது பொய்ங்க, நாற்பது நிமிஷம் ஆகும்" என்பார். சிலர் சிரித்தார்கள். இரண்டு பேர் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். அவர் விடவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அது தனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. குளிக்க எத்தனை நிமிஷம், ஸ்பேனரைத் தேட எத்தனை நிமிஷம் என்று கவனிக்க ஆரம்பித்தார். தேடுகிற நேரம்தான் அதிகம் என்று தெரிந்ததும், முந்தின நாள் ராத்திரியே பையை அடுக்கி வைத்தார். கிளம்பும்போது பரபரப்பு இல்லை. பரபரப்பு போனதும் வீட்டில் எரிந்து விழுவதும் குறைந்தது. இரண்டு வருஷத்தில், அவர் பத்து மணி என்றால் வாட்ச்மேன்கள் பத்து மணிக்கு கேட்டைத் திறந்து வைத்தார்கள்.

அப்படி ஒரு நாள், ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றது. உள்ளே மூன்று பேர். அதில் ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. வாட்ச்மேன் வெளியிலிருந்து சொன்ன மெக்கானிக் நம்பரில் அந்த அம்மா கூப்பிட்டார்.

"அம்மா, காத்து வரும், பயப்படாதீங்க. நான் இன்னொரு கட்டடத்துல இருக்கேன். வர இருபத்திரண்டு நிமிஷம் ஆகும்."

"நிஜமாவா?"

வெளியிலிருந்து வாட்ச்மேன் கத்தினார்: "அவரு சொன்னா சரியா இருக்கும்மா. உக்காந்துக்குங்க."

உட்கார்ந்தார்கள். உள்ளே இருந்தவர்களில் ஒருவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். இன்னொருவர் பாட ஆரம்பித்தார். மெக்கானிக் கதவைத் திறந்தபோது அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருபத்தொன்னுதான் ஆச்சு. இவர் பாட்டு இன்னும் முடியலையே."

இந்தச் செய்தி அவர் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனிக்குப் போனது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடும் போனுக்கு அவரையே பொறுப்பாளர் ஆக்கினார்கள். அவருக்குக் கீழே எட்டு மெக்கானிக்குகள். கிளம்பாமல் கிளம்பினேன் என்று எவராலும் அவரிடம் சொல்ல முடியாது. குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார், அந்தக் கலையில் அவர் பழைய வித்வான் ஆயிற்றே.

பொறுப்பு கிடைத்த வாரம் மனைவியைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில், எழுத்துப் போடுவதிலிருந்தே அவர்கள் சேர்ந்து பார்த்த முதல் படம் அது. படம் சுமார்தான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.