நல்லெண்ணெயில் ஓடிய மாப்பிள்ளைக் கார்

தையில் கலியாணம் வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். தையில் ஒஸ்லோ எப்படி உறைந்து கிடக்கும் என்பது அந்த வழக்கத்துக்குத் தெரியாது.

நான் அப்போது பழைய கார் திருத்தும் கராஜில் வேலை. அதற்கு முதல் வடநோர்வேயில் பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டியவன். எஞ்சினைத் திறந்தால் முள் இருக்கிறதா என்று கை தானாகத் தேடும். ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவன், அப்பப்பாவைவிட வயதான எங்கள் கராஜ் காரில்தான் மண்டபத்துக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

முதலாளி ஆர்னே முகத்தைச் சுளித்தார். "இந்தக் குளிரிலா? ஒயில் தார் மாதிரி இறுகிவிடும். முதல்நாளே வடித்து வீட்டுக்குள் வை. காலையில் சூடாக்கி ஊற்று. றேடியேற்றருக்குச் சுடுதண்ணீர். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்."

"தெரியும்" என்றேன். தெரியாதபோதுதான் நான் அப்படிச் சொல்வது.

கலியாணத்துக்கு முதல்நாள் மாலை காரை மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிறுத்தி, றேடியேற்றர்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சூடு ஆறமுதல் ஒயிலை வாளியில் வடித்து மேலே கொண்டுபோனேன். குசினியில் பலகாரச் சூடு. கராஜில் நாங்கள் ஒயில் என்போம். மாப்பிள்ளையின் தாயாருக்கு விளங்கட்டும் என்று நல்ல தமிழில் சொன்னேன்.

"அன்ரி, இந்த எண்ணெய் இஞ்சை இருக்கட்டும். காலமை ஒருக்காச் சூடாக்கித் தாங்கோ."

"அதுக்கென்ன தம்பி."

என்னைச் சமையலுக்கு வந்த ஆள் என்று அவர் நினைத்தது எனக்கு எப்படித் தெரியும்?

காலையில் போனால், அன்ரி பட்டுச்சேலையோடு அடுப்படியில். தாச்சிச் சட்டியில் பொன்னிறமாக ஏதோ பளபளக்கிறது.

"அன்ரி, என்ரை எண்ணெய்?"

"அதையோ? எத்தினை தரம் பொரிச்சனீங்கள்? கரி மாதிரிக் கறுத்துப்போச்சு. மாப்பிள்ளை வீட்டிலை அப்பிடி எண்ணெய் வைச்சிருப்பினமே? ஊத்தி எறிஞ்சிட்டன். இது புது நல்லெண்ணெய். என்னத்தைப் பொரிக்கப் போறியள்?"

"காரை."

வீட்டிலிருந்த மற்றக் கார்கள் எல்லாம் சனத்தை ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டன. டாக்ஸிக்குப் போன் அடித்தால், பனியால் சுணங்கும் என்றார்கள். கராஜுக்குப் போய் வேறு ஒயில் எடுத்துவரவும் நேரமில்லை. தலைப்பாகையோடு வந்த மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணை, முகூர்த்தம் தப்பினால் மாமா பொம்பிளையைத் தரமாட்டார்!"

அந்தக் காலத்துப் பந்தயக் கார்களுக்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நல்லெண்ணெய் அதற்குத் தூரத்துச் சொந்தம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, தாச்சியைப் படிவழியே தூக்கிவந்து இளஞ்சூட்டில் எஞ்சினுக்குள் ஊற்றினேன். றேடியேற்றருக்குச் சுடுதண்ணீர் விட்டு, குளிர்காற்று அடிக்காமல் முன்பக்கத்தில் பாதியைக் காட்போட் மட்டையால் மறைத்தேன். முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றினேன். முதல் சுற்றுக்கு இருமியது. அடுத்ததற்குத் தும்மியது. பிறகு டப்டப் என்று பிடித்துக்கொண்டது. அன்ரி அதற்கும் ஆலத்தி எடுக்கப் பார்த்தார்.

ஆமை வேகத்தில் போய்ச் சேர்ந்தோம். வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் மூக்கை உயர்த்தினார்.

"என்னடாப்பா, தாலி கட்டமுதலே வடை சுடத் தொடங்கிட்டாங்களோ?"

மாப்பிள்ளையை வரவேற்க நின்றவர்களில் பாதிப்பேர் சாப்பாட்டு மண்டபத்துக்குத் திரும்பிவிட்டார்கள். மிச்சப் பாதி அவனை மணவறைக்கு இழுத்துக்கொண்டு ஓடியது. தாலி நேரத்துக்கு ஏறிவிட்டது.

அன்றைக்கே எஞ்சினைக் கழுவி, புது ஒயில் விட்டேன். நீங்கள் யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள். குளிரில் பழைய எஞ்சினை எழுப்ப இளகிய ஒயிலும் சுடுதண்ணீரும் பொறுமையும் போதும். ஒன்று மட்டும்: குசினிக்குள் போகும்போது ஒயிலைத் தமிழ்ப்படுத்தாதீர்கள்.