செம்பருத்தி வேலி

இனக்கலவரம் என்று சொல்லி, போர்ட் லூயி போகும் வழியில் போலீஸ்காரர்கள் எங்கள் பஸ்ஸை நிறுத்திவிடுகிறார்கள். தீவின் சுதந்திரத்துக்குச் சில வாரங்கள்தான் இருக்கின்றன. சாலையோரத்தில் ஒரு தமிழ் அம்மா, தன் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பூத்துக் கிடக்கும் செம்பருத்தி வேலியை வெட்டிக்கொண்டிருக்கிறார்.

"பூக்கிற செடியை ஏன் அக்கா வெட்டுறீங்க?" பஸ்ஸிலிருந்து இறங்கிக் கேட்கிறேன்.

"மோ பேர், தம்பி. எனக்குப் பயம். பின்னால ஆள் ஒளிஞ்சா தெரியாது." குரலைத் தாழ்த்துகிறார். "ரெண்டு வீடும் சேர்ந்து நட்டது."

அடுத்த வீட்டுக் கிரியோல்காரர் வெட்டுக்கத்தியோடு வெளியே வருகிறார். அந்தம்மாவின் கை நின்றுவிடுகிறது. அவரோ தன் பக்கத்துச் செடிகளை வெட்டத் தொடங்குகிறார்.

வேலி முழுதும் சாய்ந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். பிறகு அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிடுகிறார்கள்.