மெதுவாக ஓடச் சொன்னவர்

ஓட்டக் குழுவில் எல்லோரும் அவளைப் 'பூதக்கண்ணாடி' என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. தேய்த்த லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பிப் பார்த்து, மறுபடி அளந்த பிறகே கொடுப்பாள். மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தாள். காய்கறிக்காரர் ஒரு கை கூடுதலாகப் போட்டால்கூட, அடியில் அழுகல் இருக்குமோ என்று கிளறுவாள்.

நாற்பத்தொன்றாவது வயதில் அவளுக்கு முழு மாரத்தான் ஓடும் ஆசை வந்தது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். குழுவின் கோச், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், வாரா வாரம் பயிற்சியைத் தாளில் எழுதிக் கொடுப்பார். முதல் தாளே அவளுக்கு உறுத்தியது.

"எல்லா நாளும் மெதுவா, மெதுவான்னே எழுதியிருக்கீங்களே?"

"ஓடும்போது பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேச முடியணும். மூச்சு வாங்குச்சுன்னா வேகம் அதிகம்னு அர்த்தம். முதல்ல கால் தூரத்துக்குப் பழகட்டும்."

மெதுவாக ஓடி யாராவது ஜெயிப்பார்களா? அதே குழுவில் கோச்சின் தங்கையும் இருந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வயதும் இவள் வயதுதான், ஓடும் நேரமும் ஏறக்குறைய அதேதான். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடுமே! தங்கைக்காக என்னை ஆமையாக்குகிறாரோ?

வீட்டில் சொன்னபோது எலக்ட்ரீஷியன் கணவன் சிரித்தான். "நான் மாட்டின ஃபேனுக்குக் கீழயே மூணு நாள் படுக்காதவ நீ. அந்த மனுஷன் எம்மாத்திரம்?"

தாளில் 'மெதுவாக எட்டு கிலோமீட்டர்' என்றிருந்தால், எட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக ஓடினாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டு ஓட்டத்தில் தங்கையை முந்தவும் செய்தாள். மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்போரம் சுள்ளென்று வலித்தது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் தங்கைக்குச் சேதி போய்விடும்.

தங்கைக்கு மட்டும் வேறு பயிற்சி நடக்கிறதா என்று பார்த்துவிட, ஒரு காலையில் கணவனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ரயில் பாதையோரச் சாலையில் தங்கை தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். நடையைவிடச் சற்றே வேகம். பேச ஆளில்லாததால் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓடினாள். "ஏழெட்டு ஐம்பத்தாறு, ஏழொன்பது அறுபத்துமூணு..."

'நான் பின்னால் வருவது தெரிந்து நடிக்கிறாளோ?' என்று நினைத்தபடி சைக்கிளைத் திருப்பினாள்.

அடுத்த தாளில் ஏழு நாளில் நான்கு நாள் ஓய்வு என்றிருந்தது. கோச்சின் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றே முடிவுகட்டினாள். ஆனால் படியிறங்கவே முடியாத வலி. திட்டிக்கொண்டே படுத்தாள். ஐந்தாம் நாள் வலி இல்லை. அதன் பிறகு, கோச்சை நம்பி அல்ல, காலுக்குப் பயந்து மெதுவாக ஓடினாள். இரண்டு மாதத்தில், சைக்கிளில் கூட வந்த கணவனோடு சண்டை போட்டுக்கொண்டே முப்பது கிலோமீட்டர் ஓட முடிந்தது.

"முதல் பாதியில யார் தாண்டினாலும் விட்டுடுங்க," என்றார் கோச், பந்தயத்தன்று. மனசில்லாமல் விட்டாள். முப்பத்துமூன்றாவது கிலோமீட்டரில், தசை பிடித்துக்கொண்ட தொடையைத் தேய்த்தபடி தங்கை நின்றிருந்தாள். நிஜ வலிதானா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையிலிருந்த உப்புத்தண்ணீரைக் கொடுத்துவிட்டு ஓடினாள். முடித்தபோது நான்கு மணி நேரம் பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது.

கோச் நீட்டிய தண்ணீர் பாட்டிலின் மூடியை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னுமா நம்பல?"

"அந்த நாலு நாள் ஓய்வு எதுக்குன்னு சொல்லுங்க."

கோச் தலை குனிந்தார். "தங்கச்சி வந்து அழுதா, உங்களைத் தாண்டவே முடியலன்னு. வேணும்னுதான் குறைச்சேன். மனசு உறுத்திச்சு. அடுத்த வாரமே சரி பண்ணிட்டேன்."

"நினைச்சேன்!" என்று கத்தினாள். அடுத்த நொடி சிரிப்பும் வந்துவிட்டது. "அந்த நாலு நாள் இல்லேன்னா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன். கால் அப்படி வலிச்சுது."

"வலியா? ஏன் சொல்லல?"

"உங்க மேல சந்தேகம்தான்!"

அவள் கோச்சை மாற்றவில்லை. இப்போதெல்லாம் தாள் வந்ததும் அவர் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, "இது எதுக்கு?" என்பாள். பக்கத்தில் தங்கையும் அதையே கேட்கப் பழகிவிட்டாள். சில வரிகளுக்கு அவருக்கே பதில் தெரியாது. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிடுவார்.